சரஸ்வதி படமும் மூன்றாவது சிடியும்

தயாளன் ரப்பர் ப்ராடக்ட்ஸுக்கு வந்த மெயிலில் மொத்தம் நான்கே வரிகள். உங்களிடமிருந்து வரும் மெயிலில் மூன்றாவது முறையாக வைரஸ் இருந்தது. இருபது நாளைக்குள் எல்லாக் கம்ப்யூட்டரிலும் லைசென்ஸோடு ஆன்டிவைரஸ் போட்டாக வேண்டும். எங்கள் ஆள் நேரில் வந்து சோதிப்பார். சரியில்லை என்றால் உங்கள் மெயிலை நிறுத்திவிடுவோம். அனுப்பியது பெரிய கார் கம்பெனி. மறைமலை நகரில் பாதி ஷெட்டுகளில் வேலை நடப்பதே அந்தக் கம்பெனியை நம்பித்தான்.

தயாளன் கம்பெனி செய்வது காருக்குள் போகும் ரப்பர் வாஷரும் குழாயும். இந்த வாரம் எதை எவ்வளவு அனுப்ப வேண்டும் என்பது மெயிலில்தான் வரும். மெயில் நின்றால் அறுபது பேரும் ஷெட்டில் உட்கார்ந்து ஈ ஓட்ட வேண்டியதுதான். 2007-ஆம் வருஷம், நவம்பர் மாதம், வெளியே மழை வேறு பிடித்துக்கொண்டிருந்தது. முதலாளி தயாளன் மெயிலைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு நேரே அஜீசாவின் மேஜைக்கு வந்தார்.

"என்னம்மா இது, நம்மள வியாதிக்காரன் மாதிரி ஒதுக்கி வைக்கறாங்க?"

"போன வருஷமே சொன்னேன் சார். அம்பது ரூபா சிடி வேலைக்கு ஆகாதுன்னு."

"சொன்னே, சொன்னே. இப்ப நல்லதா ஒண்ணு பாத்துச் சொல்லு. நீ எதைச் சொல்றியோ அதுல கண்ண மூடிட்டுக் கையெழுத்துப் போடறேன்."

அப்படிச் சொல்லும் மனிதர்தான் அவர். அஜீசா பதினோரு வருஷத்துக்கு முன்னால் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள். அப்போது கம்பெனியில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அது பதினாறாகும்வரை ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, கேபிள் இழுத்து, கெட்டுப்போனதைக் கழற்றி மாட்டி, யாரும் சொல்லித் தராமல் தானே கற்றுக்கொண்டாள். இன்றைக்கு மறைமலை நகரில் சிஸ்டம் பார்க்கிற பெண் என்றால் அவள் ஒருத்திதான். அந்தப் பெருமை அவளுக்கு உண்டு. இருந்தால் என்ன தப்பு?

ஆன்டிவைரஸ் விற்கிறவர்களுக்குப் பேசச் சொல்லித் தர வேண்டியதில்லை. முதலில் வந்தவர், இதைப் போட்டால் கொசுகூட உள்ளே வராது என்றார். இரண்டாமவர், பேங்குகளிலேயே இதைத்தான் போட்டிருக்கிறார்கள் என்று நாலு தடவை சொன்னார். மூன்றாவதாக வந்தவர் போட்டுப் பாருங்கள், பிடித்தால் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். அஜீசா மூவரிடமும் ஒரு மாதம் இலவசமாக ஓடும் சிடி வாங்கி, மார்க்கரால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதினாள். அக்கவுண்ட்ஸில் ஐந்து கம்ப்யூட்டர், அங்கே முதல் சிடி. சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் அறையில் ஐந்து, அங்கே இரண்டாவது. படம் வரையும் டிசைன் அறையில் ஐந்து, அங்கே மூன்றாவது. பதினாறாவது முதலாளியின் கேபினில் இருந்தது, அதை அவர் யாரையும் தொட விடமாட்டார்.

காலையில் கம்ப்யூட்டர் திறக்க எத்தனை நிமிஷம் ஆகிறது, நடுவில் யார் வேலையைக் கெடுக்கிறது, தினமும் புது வைரஸ்களின் பட்டியலைத் தானாக இறக்கிக்கொள்கிறதா என்றெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். முதல் சிடி பெண் பார்க்க வந்த வீட்டு விருந்தாளி மாதிரி நடந்துகொண்டது. எதைக் கேட்டாலும் எல்லாம் நல்லாயிருக்கு, எல்லாம் நல்லாயிருக்கு. இரண்டாவதோ பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் மணியடித்தது. ஒரு எக்ஸெல் ஷீட் திறப்பதற்குள் ஒருவர் போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். டெஸ்பாட்ச்காரர்கள், "அக்கா, இதுக்கு அந்த வைரஸே தேவலாம்" என்றார்கள்.

மூன்றாவது சிடி சத்தம் போடவில்லை. இரண்டாம் நாள் காலையில், டிசைன் அறையின் ஐந்து கம்ப்யூட்டரிலும் ஒரே ஒரு ஃபைலைக் காட்டி, இதுதான் என்றது. அஜீசா பெயரைப் பார்த்தாள். சரஸ்வதி என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. 

அது என்ன ஃபைல் என்று அந்த ஆபீஸில் தெரியாதவர் கிடையாது. ஆயுத பூஜை அன்று மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி பாக்கெட் கொடுத்து முடித்ததும், தயாளன் பட்டு வேட்டியோடு ஆபீஸுக்குள் வருவார். கையில் ஒரு பென் டிரைவ், முன்பெல்லாம் ஃப்ளாப்பி. ஒவ்வொரு கம்ப்யூட்டராக உட்கார்ந்து, அந்த வருஷத்துக்கான சாமி ஸ்கிரீன் சேவரைத் தன் கையாலேயே போடுவார். போட்டு ஒரு கும்பிடு. கம்ப்யூட்டர் வந்த வருஷத்திலிருந்து இது நடக்கிறது. அடுத்த ஆயுத பூஜை வரை அதை யாரும் மாற்றக் கூடாது. இந்தத் தடவை அவருடைய மச்சினர் மெயிலில் அனுப்பியிருந்த சரஸ்வதி. வீணையின் தந்தி அசையும், பக்கத்தில் குத்துவிளக்குச் சுடர் ஆடும். அழகான படம்தான், அதில் குறை சொல்ல முடியாது.

ஆனால் ஸ்கிரீன் சேவர் என்பது வெறும் படமல்ல, அது ஒரு புரோகிராம். அந்தப் புரோகிராமுக்குள் எவனோ இன்னொன்றை வைத்துக் கட்டியிருந்தான். அஜீசா உபயோகத்தில் இல்லாத ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தனியாக வைத்துச் சோதித்துப் பார்த்தாள். படத்தைப் போட்டால், அந்தக் கம்ப்யூட்டர் தன்னில் இருக்கிற முகவரிக்கெல்லாம் தானே மெயில் அனுப்பக் கிளம்பியது. எடுத்துவிட்டால் சாதுவாக இருந்தது. மூன்று முறை செய்தாள், மூன்று முறையும் அப்படியே. அக்கவுண்ட்ஸிலும் டெஸ்பாட்ச்சிலும் இதே ஃபைல் உட்கார்ந்திருந்தது, முதல் இரண்டு சிடியும் அதைக் கண்டுகொள்ளவேயில்லை. ஆக, எதை வாங்குவது என்ற கேள்வி அங்கேயே முடிந்தது. முதலாளியிடம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அதுதான் அவளால் முடியவில்லை. அக்கவுண்ட்ஸ் மேனேஜர் ஸ்ரீரங்கன் போய்ச் சொன்னால் அது கம்ப்யூட்டர் விஷயம். அஜீசா போய்ச் சரஸ்வதியை அழிக்க வேண்டும் என்று சொன்னால் அது வேறு விஷயமாகிவிடாதா? இத்தனைக்கும் தயாளன் அவளை ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. பெருநாளுக்கு லீவு கேட்காமலே கொடுப்பார், நோன்பு மாதத்தில் நாலரை மணிக்கே கிளம்பு என்பார். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால், சர்வீஸ் செய்ய வந்த ஒருவர் கம்ப்யூட்டரில் வைத்திருந்த குங்குமத்தை ஈரத் துணியால் துடைத்தார் என்று, அவரை அந்த நிமிஷமே வாசலுக்கு அனுப்பியதையும் அவள் பார்த்திருக்கிறாள். பதினோரு வருஷ மரியாதை. ஒரு வார்த்தையில் போய்விட்டால் எங்கே போய் நிற்பது?

சேலையூர் வீட்டில் கணவன் உஸ்மானிடம் சொன்னாள். கேம்ப் ரோட்டில் ஸ்கூட்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவன், நாலு விதமான மனிதர்களைப் பார்த்தவன்.

"நீ சொல்றது உண்மைதான் அஜீசா. ஆனா உண்மைய யாரு சொல்றாங்கன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அப்ப அந்த அறுபது பேரு?"

"அதான் அந்த நாமக்காரர் இருக்காரே, அவரை விட்டுச் சொல்லச் சொல்லு."

நாமக்காரர் என்றால் ஸ்ரீரங்கன்தான். மறுநாள் அவரை ஓரமாக அழைத்துப் போய் எல்லாவற்றையும் காட்டினாள். அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. புரிந்த வேகத்திலேயே பின்வாங்கியும் விட்டார்.

"நான் சொன்னா கேப்பார்ம்மா, அதுல சந்தேகமே இல்ல. ஆனா போன வாரம்தான் பொண்ணுக்கு ஜாதகம் வெளியில எடுத்திருக்கேன். இந்த நேரத்துல சரஸ்வதியை அழிங்கோன்னு என் வாயால எதுக்கு வரணும், சொல்லு."

"அழிக்கறது சரஸ்வதிய இல்ல சார், வைரஸை."

"எனக்குத் தெரியறது. பகவானுக்கும் தெரியும். இருந்தாலும் வேண்டாமே."

பூனைக்கு மணி கட்ட ஆளில்லை. நாள் வேறு ஓடிக்கொண்டிருந்தது, இருபதில் பதினொன்று போய்விட்டது. அஜீசா ஒரு வழி கண்டுபிடித்தாள். யாரிடமும் சொல்ல வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் போனபிறகு பதினைந்து கம்ப்யூட்டரிலும் மூன்றாவது சிடியை ஓட்டிச் சுத்தம் செய்துவிடுவது. அந்த இடத்தில் இன்டர்நெட்டிலிருந்து வேறொரு சரஸ்வதி படத்தை எடுத்துப் போட்டுவிடுவது. வெள்ளைச் சேலை, வீணை, குத்துவிளக்கு, எல்லாம் அதே மாதிரி. முதலாளியின் கம்ப்யூட்டரைத் திங்கட்கிழமை ஏதாவது சாக்குச் சொல்லித் திறந்து பார்த்துக்கொள்ளலாம். மூளைக்காரிதான், ஆனால் பயந்தவளின் மூளை குறுக்கு வழியில்தான் ஓடும்.

படம் தேடுவதற்கு மகள் சோயாவும் கூட உட்கார்ந்தாள். "இதும்மா, இதுல அன்னம் நல்லா இருக்கு" என்று அவள் காட்டிய படத்தையே அஜீசா எடுத்துக்கொண்டாள். சனிக்கிழமை ஏழரை மணி வரை வேலை இழுத்தது. டிசைன் அறையில் சாலமன் மட்டும் ஒரு டிராயிங்கை முடிக்க உட்கார்ந்திருந்தான். அவன் கம்ப்யூட்டரையும் வாங்கிச் சுத்தம் செய்தாள். "என்னக்கா, ஆன்டிவைரஸ் டெஸ்டா?" என்று கேட்டான். ஆமாம் என்றாள். இருவரும் ஒன்றாகவே வாசலில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

திங்கட்கிழமை காலையில் முதலில் கண்டுபிடித்தவள் ஆபீஸைக் கூட்டிப் பெருக்கும் எல்லம்மா.

"இன்னாக்கா, சரஸ்பதி அம்மா ஆடாம அசையாம கீது? வெளக்குகூட எரியல."

அஜீசா இதை யோசிக்கவில்லை. ஆடாத படம். தயாளன் தினமும் வந்ததும் அக்கவுண்ட்ஸில் வாசலை ஒட்டிய கம்ப்யூட்டர் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் நின்று, சுடர் ஆடுவதைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் கேபினுக்குப் போவார். அன்றும் நின்றார். ஒரு நிமிஷம் மூன்று நிமிஷமாயிற்று. பிறகு செருப்பைக்கூட மாட்டாமல் ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. கேபினுக்குள் போய்ப் பென் டிரைவை எடுத்து வந்து, நடுவில் வந்த எச்சரிக்கையையெல்லாம் படிக்காமலே மூடிவிட்டு, பதினைந்திலும் பழைய படத்தைத் திரும்ப ஏற்றினார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது. அதன்பிறகு வாட்ச்மேனிடமிருந்து சனிக்கிழமை கையெழுத்து நோட்டை வாங்கி வரச் சொன்னார்.

நோட்டில் ஏழரைக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. தயாளன் கூப்பிட்டது ஒருவரைத்தான்.

அஜீசாவின் மேஜைக்கும் கேபினுக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்புத்தான். உள்ளே பேசுவது ஒன்றுவிடாமல் கேட்கும்.

"சனிக்கிழமை ஏழரை வரைக்கும் இருந்திருக்கே."

"டிராயிங் முடிக்கணும்னு இருந்தேன் சார்" என்றான் சாலமன்.

"பூஜை அன்னிக்கே உன் சிஸ்டத்துல இந்தப் படம் வேணாம்னு சொன்னவன்தானே நீ?"

"ஸ்லோ ஆகுதுன்னு சொன்னேன் சார்."

"ஸ்லோ ஆகுதா. அதான் எல்லாருக்கும் சேத்து மாத்திட்டியா?"

"நான் எதையும் மாத்தல சார்."

அஜீசா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தாள். இப்போதே எழுந்து போய்ச் சொல்லிவிட வேண்டும். சொல்லத்தான் வேண்டும். அவனுக்கு எதிராக அத்தாட்சி எதுவும் இல்லையே, அவரே விட்டுவிடுவார் என்று ஒரு மனம் சொன்னது. கொஞ்சம் ஆறட்டும், மத்தியானம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இன்னொன்று சொன்னது. நடுவில் டெஸ்பாட்ச்சிலிருந்து போன் வந்தது, பிரின்டரில் பேப்பர் சிக்கிக்கொண்டதாம். பின்பக்கக் கதவைத் திறந்து மெதுவாக இழுக்கச் சொல்லி, நிதானமாக விளக்கினாள். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலிருந்தது.

"இதெல்லாம் உங்க சர்ச்சுல சொல்லிக் குடுக்கறாங்களா?" உள்ளே தயாளன் கேட்டார்.

அவர் மேஜையைத் தட்டும் சத்தம் கேட்டது.

"கேக்கறேன்ல? மூணு வருஷமா என் சோறு தின்னுட்டு என் சாமி மேலயே கைய வைக்கறியா? போ. நாளைலேர்ந்து வராதே."

சாலமன் வெளியே வந்தான். இருபத்தாறு வயதுப் பையன், முகம் வெளுத்திருந்தது. அஜீசாவைப் பார்த்தான், பார்த்துவிட்டுப் போய்விட்டான். அப்போதுதான் அவள் எழுந்தாள். கதவைத் தட்டக்கூடத் தோன்றவில்லை.

"நான்தான் சார் மாத்தினேன்."

தயாளன் நிமிர்ந்து பார்த்தார். அவருக்குப் புரியவில்லை.

"என்னத்த?"

"படத்தை. சாலமன் இல்ல சார், நான்தான். அந்தப் படத்துலதான் வைரஸ் இருக்கு. மெயில்ல அவங்க சொன்னது அதைத்தான்."

"சரஸ்வதிய வைரஸ்ங்கறியா?"

"சரஸ்வதிய இல்ல சார். அதைக் கட்டி அனுப்பினவன் உள்ளே வேற ஒண்ணை வச்சுக் கட்டியிருக்கான். மச்சினருக்கும் தெரிஞ்சிருக்காது. வாங்க, காட்டறேன்."

காட்டினாள். தனியாக வைத்திருந்த பழைய கம்ப்யூட்டரில் அவருடைய பென் டிரைவையே செருகச் சொன்னாள். மூன்றாவது சிடி அதைச் சுட்டிக்காட்டியது. சிடியை நிறுத்திவிட்டுப் படத்தைப் போட்டாள், மெயில் தானாகக் கிளம்புவதைக் கண்ணாலேயே பார்க்கவைத்தாள். முதல் இரண்டு சிடியும் எப்படிக் கோட்டை விட்டன என்று நோட்டைத் திறந்து காட்டினாள். தயாளன் குனிந்து பார்த்தார். ரப்பர் கலவை சரியில்லை என்றால் ஒரு துண்டைப் பிய்த்துப் பார்த்தே சொல்லிவிடுகிற மனிதர், கண்ணால் பார்த்ததை இல்லை என்று சொல்கிறவரல்ல.

"எப்பக் கண்டுபிடிச்சே?"

"பத்து நாளாச்சு சார்."

"ஏன் சொல்லல?"

"என்ன நினைப்பீங்களோன்னு பயமா இருந்துச்சு சார்."

"பதினோரு வருஷமா என்னைப் பாக்கறே. நான் என்ன நினைச்சிடுவேன்னு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். கண் சாலமன் வெளியே போன கதவுப் பக்கம் போனது.  "சரி. நீ பயந்தது தப்புன்னு சொல்றதுக்கு இன்னிக்கு எனக்கு வாயில்ல."

எழுந்தார். டிசைன் அறைக்குப் போனார், அஜீசாவும் பின்னால் போனாள். சாலமன் தன் மேஜை டிராயரைக் காலி செய்துகொண்டிருந்தான். எல்லோருக்கும் கேட்கும்படியாகவே தயாளன் சொன்னார்.

"தப்பு என் மேல சாலமன். வைரஸைக் கொண்டுவந்து போட்டதும் நான்தான், உன்னைக் கேக்கக் கூடாததக் கேட்டதும் நான்தான். மனசுல வச்சுக்காதே. எங்கயும் போகாதே."

"பரவால்ல சார்."

"பரவால்லன்னு சொல்லாதே. பரவால்லன்னு விட்டுடற விஷயம் இல்ல அது." திரும்பி அஜீசாவைப் பார்த்தார். "மூணாவது சிடிதானே? லைசென்ஸுக்குச் சொல்லிடு. முதல்ல என் சிஸ்டத்துலேர்ந்து ஆரம்பி."

மத்தியானத்துக்குள் பதினைந்து முடிந்தது. சாலமனுடைய கம்ப்யூட்டரை அவள் கடைசிக்கு விட்டு வைத்திருந்தாள். அவள் சிடியோடு வந்ததும் அவன் நாற்காலியை விட்டு எழுந்துகொண்டான். அஜீசா உட்கார்ந்தாள். திரையில் பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று தெரிந்தது.

"சாலமன், முதலாளி கோவத்துல ஏதோ கேட்டுட்டாரு. அதுக்கப்புறம் அவரே வந்து..."

"அவர் கேட்டது போகட்டும் அக்கா. அவருக்குத் தெரியாது, கேட்டாரு." அவன் குரலில் கோபமே இல்லை. "உங்களுக்குத் தெரியும். நான் உள்ள நின்னுட்டிருந்தப்ப உங்க குரல் கேட்டுச்சு. பேப்பர மெதுவா இழுன்னு யாருக்கோ சொல்லிட்டிருந்தீங்க. நீங்க வருவீங்க, வந்து சொல்லுவீங்கன்னுதான் நான் எதிர்த்துப் பேசாம நின்னேன்."

அஜீசா அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் வேலையை முடித்துவிட்டு, இந்த சிஸ்டத்தில் எந்த ஆபத்தும் இல்லை என்று காட்டியது. ஓகே பட்டனை அழுத்திவிட்டு அவள் நாற்காலியை அவனுக்கு விட்டாள்.